பருப்பு அட்டை கேட்டு ஒரு மடல்

மாண்புமிகு தமிழ்நாடு முதலமைச்சர் அவர்களுக்கும், உணவு, நிதி, மக்கள் நல்வாழ்வு, பள்ளிக் கல்வி, சமூக நலத் துறைகளின் பொறுப்பில் இருக்கும் அமைச்சர் பெருமக்களுக்கும்,

நான்கு பேர் உள்ள ஒரு குடும்பத்துக்கு ரேஷன் கடையில் மாதம் 20 கிலோ அரிசியும் 2 கிலோ சர்க்கரையும் 1 கிலோ துவரம் பருப்பும் கிடைக்கின்றன. சர்க்கரை தலைக்கு அரைக் கிலோ, அட்டைக்கு அதிகபட்சம் 2 கிலோ. பருப்புக்குத் தலைக்கணக்கே கிடையாது. வீட்டில் இரண்டு பேர் இருந்தாலும் ஆறு பேர் இருந்தாலும் அட்டைக்கு ஒரு கிலோதான். இதை ஆளுக்கு, நாளுக்கு என்று வகுத்துப் பாருங்கள். அரிசி 160 கிராமைத் தாண்டுகிறது. சர்க்கரை 16 கிராமுக்கு மேல். பருப்பு 8 கிராம் சொச்சம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பருப்பும் பயறுமாக 85 கிராம், அல்லது அதற்கு ஈடாக முட்டை, மீன், இறைச்சி வேண்டும் என்கிறது. 8 கிராமுக்கும் 85 கிராமுக்கும் நடுவே உள்ள பள்ளத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

நோயின் அளவு உங்களுக்குத் தெரியாததல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் நாடு முழுவதும் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அதன் விளிம்பில் நிற்பவர்கள் இன்னும் 10 விழுக்காடு. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நம் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோடு இருந்தார்கள். அதே கணக்கெடுப்பில், அதே பெண்களில், பாதிக்கு மேல் ரத்தசோகை. எடையும் கூடி, ரத்தமும் குறைந்திருக்கிறது என்றால் தட்டில் கலோரி இருக்கிறது, சத்து இல்லை என்று பொருள். ஒரே வீட்டில், பல நேரம் ஒரே உடம்பில், இந்த இரண்டும் சேர்ந்து இருக்கின்றன.

அரசு கைகட்டிக்கொண்டு நிற்கவில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை நான் மனதார மதிக்கிறேன். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருக்கிறது என்று தெரிந்தும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக முடியாதவர்களின் வாசலுக்கு மாத்திரை போனது சாதாரண காரியமல்ல. ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது 2024இல் அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது நியாயம். ஆனால் அந்தத் திட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதையும் அரசின் கணக்கெடுப்பே சொல்கிறது. 2020இல் தமிழ்நாடு முழுவதும் எடுத்த கணக்கில், நீரிழிவு உள்ளவர்களில் நூற்றுக்குப் பதினொருவர்தான் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். ரத்த அழுத்தத்தில் நூற்றுக்கு ஏழு பேர். அடுத்த சுற்றில் இரண்டு எண்களும் உயர்ந்தன. உயர்ந்தும் ஐந்தில் ஒருவரைக்கூட எட்டவில்லை.

அந்தத் திட்டத்தின் சுகாதாரத் தன்னார்வலர் கதவைத் தட்டி ஒருவருக்கு மாத்திரை கொடுக்கிறார். அடுத்த அறையில் அவருடைய மருமகள் இருக்கிறார். சர்க்கரை இன்னும் வரவில்லை, எல்லைக்கோட்டில் நிற்கிறது. அவருக்குக் கொடுக்கத் தன்னார்வலரின் பையில் எதுவும் இல்லை. "சோத்தைக் குறைங்க, காய் நிறைய சேருங்க, நடங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். அந்த அறிவுரை சரியானதுதான். அது எவ்வளவு சரி என்பதைச் சென்னையிலேயே நிரூபித்திருக்கிறார்கள்.

மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை மூன்றாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். சாதாரண அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்காரர்கள் ஆனார்கள். உணவையும் நடையையும் மாற்றிக்கொள்ளத் தொடர்ந்து துணை பெற்ற குழுவில் அது 39 விழுக்காடு. மெட்ஃபார்மின் மாத்திரை பெற்ற குழுவிலும் ஏறக்குறைய அவ்வளவே. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது கூடுதல் பலன் எதுவும் இல்லை. அதாவது, மாத்திரை செய்வதை உணவும் நடையும் செய்தன. சீனாவின் தாச்சிங் நகரில் 1986இல் தொடங்கிய ஆய்வு இன்னும் நீண்ட சாட்சி. ஆறாண்டு உணவு, உடற்பயிற்சித் துணை பெற்றவர்களை முப்பதாண்டு கழித்தும் பார்த்தார்கள். அவர்களுக்கு நீரிழிவு தள்ளிப்போயிருந்தது, மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்திருந்தன, ஆயுளும் கூடியிருந்தது.

ஆக, தடுக்க முடியும். யாரால் முடியும் என்பதுதான் கேள்வி. 'காய் நிறைய சேருங்கள்' என்பதைக் கேட்டுக்கொள்ளும் அந்த மருமகள் தன் குடும்பத்தின் உணவைத் தன் விருப்பப்படி தேர்ந்தெடுப்பதில்லை. மாதத் தொடக்கத்தில் ரேஷன் கடையில் கைரேகை வைத்து வாங்கி வருவதுதான் அந்த வீட்டுச் சமையலின் அடித்தளம். அரிசி இலவசம். சர்க்கரை கிலோ 25 ரூபாய். பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பருப்பு 30 ரூபாய், ஆனால் ஒரே ஒரு கிலோ. அதற்குமேல் பருப்பு வேண்டுமென்றால் வெளிக்கடை விலை. அந்த விலையைப் பார்த்ததும் குழம்பில் தண்ணீர் கூடுகிறது, சோறு கூடுகிறது. இதை அறியாமை என்று சொல்வது அநியாயம். கையில் இருக்கும் பணத்துக்கு அதிகம் பசியாற்றுவது எது என்று அந்தப் பெண்ணுக்குத் துல்லியமாகத் தெரியும். அவர் போடும் கணக்கில் பிழையில்லை. அவர் கையில் தரப்பட்ட விலைப்பட்டியலில்தான் பிழை இருக்கிறது. அந்தப் பட்டியலை எழுதுவது நீங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அரிசியைக் குறைக்கச் சொல்லி நான் இந்த மடலை எழுதவில்லை. பட்டினிச் சாவுகளை மறக்கச் செய்த அரிசி அது. வருமான வரம்பு பார்க்காமல் கேட்டவர்க்கெல்லாம் அட்டை என்று இந்த மாநிலம் பிடிவாதமாக நின்றதால்தான் மிக ஏழையும் விடுபடாமல் இருக்கிறார். 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. வயலிலும் கட்டடத்திலும் நாளெல்லாம் உழைக்கும் குடும்பத்துக்கு அந்த 20 கிலோ இன்றும் உயிர்நாடி. அதில் கைவைக்கும் எந்த யோசனையையும் நான் எதிர்ப்பேன். அரிசியோடு என்ன சேர்கிறது என்பதைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

இதில் அறிவியல் எங்கே நிற்கிறது என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஊரெங்கும் சிறுதானியப் பேச்சாக இருக்கிறது. மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளியானது. இந்தியர்கள் உண்ணும் கலோரியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அது சொன்னது. அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ என்று மாற்றியதோடு நின்றால், மொத்த மாவுச்சத்து குறையாதவரை, நீரிழிவு ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மொத்தக் கலோரியில் ஒரு சிறு பங்கை, வெறும் 5 விழுக்காட்டை, மாவுச்சத்திலிருந்து பருப்பு, பயறு, பால் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றினால் ஆபத்து குறைகிறது. கேழ்வரகு நல்ல தானியம், சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் உள்ளது, நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியதை வரவேற்கிறேன். ஆனால் சிறுதானிய விழாக்களோடு கடமை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். தமிழ்நாட்டுத் தட்டில் பெரிய ஓட்டை தானியத்தில் இல்லை. அது பருப்பிலும் காயிலும் இருக்கிறது.

அதனால் என் முதல் கோரிக்கை. நம் பொது விநியோகத் திட்டத்தில் 'சர்க்கரை அட்டை' என்று ஒரு வகை இருக்கிறது. அரிசி வேண்டாம் என்று சொல்லும் குடும்பம் அதற்குப் பதிலாகக் கூடுதல் சர்க்கரை பெற்றுக்கொள்ளலாம். ஒன்றை விட்டுக்கொடுத்து இன்னொன்றைப் பெறும் ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. அட்டையில் எழுத்து இருக்கிறது, விற்பனை முனையக் கருவியில் வழி இருக்கிறது. அப்படியானால் ஒரு பருப்பு அட்டை ஏன் இருக்கக் கூடாது? சர்க்கரையை முழுதாகவோ பாதியாகவோ வேண்டாம் என்று சொல்லும் குடும்பத்துக்கு அதற்கு ஈடான பருப்பைக் கொடுங்கள். துவரை கிடைக்காத மாதத்தில் பாசிப்பயறோ கொண்டைக்கடலையோ உளுந்தோ கொடுங்கள். யாரிடமிருந்தும் எதையும் பறிக்க வேண்டாம். தேர்ந்தெடுக்கும் உரிமையை மட்டும் கொடுங்கள். வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் வந்த பிறகும் மாதம் 2 கிலோ சர்க்கரையை வாங்கி வைக்கும் குடும்பங்கள் எத்தனையோ. விட்டால் உரிமை போய்விடும் என்ற பயம் ஒரு காரணம், மாற்றாக எதுவும் கிடைக்காது என்பது இன்னொன்று. மாற்று கிடைத்தால் அந்தப் பெண்கள் எதைத் தேர்வார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நிதித்துறை உடனே கணக்குக் கேட்கும். கேட்கத்தான் வேண்டும். 2.2 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள். எல்லா அட்டைதாரரும் மாற்றிக்கொண்டு இன்னொரு கிலோ பருப்பு வாங்கினால் மாதம் 22,000 டன். பருப்பின் கொள்முதல் விலை சர்க்கரையைவிட வெகுவாகக் கூடுதல் என்பதும் உண்மை. உணவு மானியத்துக்கு ஏற்கெனவே ஆண்டுக்கு 10,000 கோடி ரூபாய்க்கு மேல் போகிறது. அதனால் ஒரே ஆண்டில் முழு மாநிலத்துக்கும் என்று நான் கேட்கவில்லை. கர்ப்பிணி இருக்கும் வீடு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீடு, 'மக்களைத் தேடி மருத்துவம்' பதிவேட்டில் பெயர் உள்ள வீடு என்று தொடங்கலாம். இந்த மூன்று பட்டியலும் அரசிடமே இருக்கின்றன. இன்னொரு பக்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டயாலிசிஸ், ஸ்டென்ட், கால் விரல் அகற்றும் அறுவை என்று காப்பீட்டுத் திட்டத்திலும் அரசு மருத்துவமனையிலும் ஆகும் செலவு அதே கருவூலத்திலிருந்துதான் போகிறது. துறை வேறு என்பதால் அதைப் பருப்புச் செலவோடு சேர்த்து யாரும் பார்ப்பதில்லை. முதலமைச்சர் பார்க்க முடியும், அந்த நாற்காலியிலிருந்து இரண்டு ஏடுகளும் தெரியும்.

எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாமாயிலுக்குப் பதில் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கொடுங்கள் என்று உழவர்கள் வீதிக்கு வந்து போராடியிருக்கிறார்கள். விளைபொருளுக்கு விலை கிடைக்க வேண்டும் என்ற அவர்களுடைய கோரிக்கை நியாயமானது. உடல்நலம் என்று பார்த்தால் நிலக்கடலைக்கே என் வாக்கு. செறிவுற்ற கொழுப்பு தேங்காய் எண்ணெயில் பாமாயிலைவிட அதிகம், அதை மறைத்து உடல்நலத்தின் பெயரால் பேசக் கூடாது. விழுப்புரத்திலும் திருவண்ணாமலையிலும் விளையும் கடலையை அரசு கொள்முதல் செய்து, எண்ணெயாக ஒரு பங்கும் சத்துணவுக்குச் சுண்டலாக ஒரு பங்கும் ஆக்கினால் உழவர், குழந்தை இருவருக்குமே நல்லது.

உப்பில் நமக்கு இன்னும் பெரிய வாய்ப்பு இருக்கிறது. ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சாம்பார், ரசம் என்று நாம் அதைவிட வெகுவாகக் கூடுதலாக உண்கிறோம். சீனாவின் 600 கிராமங்களில் சோடியத்தின் ஒரு பங்குக்குப் பொட்டாசியம் சேர்த்த உப்பைக் கொடுத்துப் பார்த்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. சமையலை யாரும் மாற்றவில்லை, உப்பை மட்டும் மாற்றினார்கள். உப்புக்கென்று சொந்த நிறுவனமே வைத்திருக்கும் அரசு நம்முடையது. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பளம் நடத்தும் தமிழ்நாடு உப்பு நிறுவனம், 2014இல் குறைந்த சோடியம் உப்பையும் அறிமுகப்படுத்தியது. சாதாரண உப்பைவிட அதற்கு விலை கூடுதல். விலை கூடிய உப்பை ஏழை ஏன் வாங்குவார்? அதைச் சாதாரண உப்பின் விலைக்கே ரேஷன் கடையில் கொடுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது என்பதைப் பொட்டலத்தின் மேல் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிடுங்கள். வீடு வீடாகப் போகும் தன்னார்வலர் வழியே அதைச் சொல்லவும் செய்யுங்கள்.

இதெல்லாம் நம்மால் முடியுமா என்று யாரேனும் கேட்டால், பள்ளிக்கூடத்தைக் காட்டுவேன். 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவை 1982இல் எம்.ஜி.ஆர். விரித்தார், கலைஞர் முட்டை சேர்த்தார், ஜெயலலிதா கலவைச் சாதமாக்கினார், 2022இல் காலை உணவும் சேர்ந்தது. கட்சி மாறியும் தட்டு சுருங்காமல் வளர்ந்த கதை இது. காலை உணவுத் திட்டத்தில் ஒரு குழந்தைக்கு ஒரு வேளைக்கு 15 கிராம் பருப்பு, சாம்பாரில் காய்கறி. ஒரு முழு நாளுக்கு ரேஷன் பருப்பில் அந்தக் குழந்தையின் அம்மாவுக்குக் கிடைக்கும் பங்கைவிட அது ஏறத்தாழ இரண்டு மடங்கு! பள்ளிக்கு ஓர் அளவுகோலும் வீட்டுக்கு வேறோர் அளவுகோலும் இருக்க வேண்டியதில்லை. பள்ளியிலும் மேம்படுத்த வேண்டியது இருக்கிறது. காலையில் உப்புமாவும் கிச்சடியும் வாரத்தின் பெரும்பாலான நாளும் மாறி மாறி வருவதற்குப் பதில், ஒரு நாளாவது முளைகட்டிய பயறோ சுண்டலோ வரட்டும். விடுதிகளில், குறிப்பாக ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல விடுதிகளில், மூன்று வேளையும் அரசின் சோறுதான். அங்கே காயும் முட்டையும் எட்டும் அளவை முதலில் சரிபாருங்கள்.

நோய் பள்ளி வயதுக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. எடை குறைவாகப் பிறக்கும் நம் குழந்தைகள் ஒல்லியாக இருந்தாலும் உடலில் கொழுப்பு கூடுதலாக இருப்பதையும், பின்னாளில் அவர்களுக்கு நீரிழிவு எளிதில் வருவதையும் புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் காட்டினார்கள். கருவிலேயே தடுக்க வேண்டும் என்று நெடுங்காலம் குரல் கொடுத்தவர் சென்னையின் மருத்துவர் வீ.சேஷையா. கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று தமிழ்நாடு முன்னோடியாக ஆணையிட்டதற்கு அவருடைய உழைப்பே அடிப்படை. பரிசோதனை நடக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு அந்தத் தாயை ஆண்டுதோறும் யார் பின்தொடர்கிறார்கள்? கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். பருப்பு அட்டையின் முதல் வரியில் அவர் பெயர் இருக்க வேண்டும்.

பள்ளி வாசலுக்கு வருகிறேன். பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020இலேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி செய்துவிட்டது. இன்று எந்த ஊரிலும் பள்ளி வாசலில் நின்று பாருங்கள், ஐந்து ரூபாய்ப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்கும். பெட்டிக்கடைக்காரர்மேல் அபராதம் விதிப்பதால் மட்டும் இது தீராது, அவருக்கும் பிழைப்பு வேண்டும். சுண்டல், வேர்க்கடலை, கொய்யா, நெல்லிக்காய் விற்க மகளிர் குழுக்களுக்கு அதே இடத்தில் தள்ளுவண்டி கொடுங்கள், பெட்டிக்கடைக்காரருக்கும் அதில் பங்கு கொடுங்கள். பொட்டலத்தின் முன்பக்க எச்சரிக்கை ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. 2016இல் சிலி நாடு கறுப்பு எச்சரிக்கை முத்திரை கொண்டுவந்த பிறகு இனிப்புப் பானங்களை வாங்குவது அங்கே நான்கில் ஒரு பங்கு குறைந்தது. இங்கோ நட்சத்திர மதிப்பீடா எச்சரிக்கையா என்ற விவாதமே ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கேரளம் 2016இல் பர்கருக்கும் பீட்சாவுக்கும் 14.5 விழுக்காடு வரி போட்டது. அடுத்த ஆண்டு ஜி.எஸ்.டி. வந்து அந்த அதிகாரத்தையே விழுங்கிவிட்டது. வரி போடும் கை கட்டப்பட்டிருக்கலாம். தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எச்சரிக்கை முத்திரைக்காக ஒரே குரலில் பேசுவதை யாரும் தடுக்க முடியாது.

நடையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 2023இல் ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்று 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தை அரசு தொடங்கியது. நல்லது. ஆனால் பெரும்பாலானோர் நடப்பது அந்தப் பாதையில் அல்ல, பேருந்து நிறுத்தத்துக்கும் கடைக்கும் பள்ளிக்கும். போக்குவரத்துச் செலவில் 60 விழுக்காட்டை நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் ஒதுக்குவதாகச் சென்னை மாநகராட்சி 2014இல் கொள்கையே வகுத்தது. அந்தக் கொள்கையை எல்லா மாநகராட்சிக்கும் விரித்து, செலவான தொகையை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு விலையில்லா மிதிவண்டி தரும் மாநிலத்தில், அதை அச்சமின்றி ஓட்ட ஓர் ஓரமும் தெருவிளக்கும் இருக்க வேண்டாமா?

டாஸ்மாக்கைச் சொல்லாமல் இந்த மடலை முடித்தால் அது நேர்மையாகாது. 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் கையில். 2023-24இல் வருவாய் 45,855 கோடி ரூபாய். கல்லீரல் நோய், ரத்த அழுத்தம், பல புற்றுநோய்கள் எல்லாவற்றிலும் மதுவுக்குப் பங்கு உண்டு. ஒரே நாளில் பூட்டச் சொல்வது எளிது, ஆனால் கள்ளச்சாராயம் கள்ளக்குறிச்சியில் 2024இல் எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பதையும் நாம் பார்த்தோம். கடை எண்ணிக்கையையும் திறந்திருக்கும் நேரத்தையும் ஆண்டுக்காண்டு குறைக்கும் ஓர் அட்டவணையை வெளியிடுங்கள். அதுவரை அந்த வருவாயில் ஒரு நிலையான பங்கைச் சட்டத்தாலேயே நோய்த்தடுப்புக்கு ஒதுக்குங்கள். பருப்பு அட்டைக்குப் பணம் எங்கே என்ற கேள்விக்கும் அதில் ஒரு விடை இருக்கிறது.

எத்தனை பேருக்கு மாத்திரை போனது என்று ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கிறீர்கள். இனி எத்தனை பேர் புதிதாக நோயாளி ஆகாமல் இருந்தார்கள் என்பதையும் மாவட்ட வாரியாகச் சட்டமன்றத்தில் வையுங்கள். அந்தக் கணக்குக்கு உணவுத்துறைச் செயலாளரும் சுகாதாரத்துறைச் செயலாளரும் சேர்ந்து கையெழுத்திடட்டும்.

வரும் நிதிநிலை அறிக்கையில் மூன்றே மாவட்டங்களில் பருப்பு அட்டையைத் தொடங்குங்கள். கூடவே வாலிநோக்கத்தின் குறைந்த சோடியம் உப்பையும் கொடுங்கள். அந்த மாவட்டங்களில் தொடங்கும்போதும் மூன்றாண்டு கழித்தும் ரத்தச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் அளந்து, முடிவு எதுவானாலும் வெளியிடுங்கள். நல்ல முடிவென்றால் மாநிலம் முழுதும் விரியுங்கள். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய துறை வேண்டாம். ஓர் அரசாணை போதும். அதை இந்த ஆண்டே பிறப்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டின் குடும்ப அட்டைதாரர் ஒருவர்